முப்பத்து நாலு விநாடி

நவம்பர் 17, ஞாயிறு

இன்றும் போச்சு.

நஞ்சராயன் குளத்துக் கரையில் ஆறேகால் மணிக்கே போய் நின்றேன். கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று தண்ணீருக்கு மேலே நின்ற இடத்திலேயே சிறகடித்துக்கொண்டிருந்தது. அப்படி நின்றால் அடுத்து தலைகீழாகப் பாயப் போகிறது என்று அர்த்தம். அமுக்கினேன். கேமரா கடகடவென்று ஆறு படம் எடுத்துவிட்டு நின்றுவிட்டது. சிவப்பு விளக்கு மின்னுகிறது. நான் அமுக்குகிறேன், அது மின்னுகிறது. மீன்கொத்தி பாய்ந்து, மீனோடு எழுந்து, எதிர்க்கரை முள்மரத்தில் உட்கார்ந்து தின்று முடித்த பிறகுதான் கேமராவுக்கு உயிர் வந்தது.

பாய்வதற்கு முந்தைய மீன்கொத்தி என்னிடம் இருநூறு இருக்கும். பாய்ந்த மீன்கொத்தி ஒன்றுகூட இல்லை. செகண்ட்ஹேண்டில் வாங்கிய கேமரா, கூடவே வந்த மெமரி கார்டு. கார்டுதான் மெதுவோ?

நவம்பர் 19, செவ்வாய்

வேலை விட்டு வரும்போது பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கேமரா கடைக்குப் போனேன். பாதிக் கடை செல்போன் கவர், இயர்போன். உள்ளே ஒரு கண்ணாடி அலமாரியில் மட்டும் கேமரா சாமான்கள். கடைக்காரர் ஒரு ஒடிசாப் பையனோடு இந்தியில் பேசிக்கொண்டே அவன் போனுக்குக் கார்டு போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடி தலைமேல் ஏறியிருந்தது.

"வேகமான கார்டு போட்டா இந்தக் கேமரா வேகமாகுங்களா?" என்று கேட்டேன்.

என் கேமராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கார்டை உருவி, தலைமேல் இருந்த கண்ணாடியை இறக்கிப் படித்தார். "எடுக்கற படம் மொதல்ல கேமராவுக்குள்ளயே ஒரு சின்ன எடத்துல ஒக்காருமுங்க. அங்கிருந்து கார்டுக்கு எறங்கோணும். அது எறங்கற வரைக்குந்தான் இந்தச் செவப்பு வெளக்கு."

"அப்ப வேகமான கார்டு வாங்கலாங்களா?"

அலமாரிப் பக்கம் திரும்பினார். "சட்டுனு சொல்ல முடியாதுங்க. ஒரு கார்டு தாரேன். போட்டுப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

பணம் வாங்கவில்லை. பெயரை மட்டும் கேட்டார். ஜெயசுதா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டார். அவர் பெயர் இளங்கோ. விசிட்டிங் கார்டில் இருந்தது.

நவம்பர் 24, ஞாயிறு

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியின் டெஸ்டிங் லேபில் பன்னிரண்டு வருஷமாகத் துணியைச் சோதிக்கிறேன். துவைத்தால் எத்தனை சுருங்குகிறது, சாயம் போகிறதா, ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம். எதையும் ஒருதரம் பார்த்துவிட்டு விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. கார்டையும் அப்படித்தான் சோதித்தேன். ஆறு படம் எடுக்க வேண்டியது, சிவப்பு விளக்கு அணையும் வரை போன் ஸ்டாப்வாட்சில் நேரம் பார்க்க வேண்டியது. ஒவ்வொரு கார்டுக்கும் மூன்று தடவை, பிறகு சராசரி.

பழைய கார்டு: முப்பத்து நாலு விநாடி.
அவர் கொடுத்தது: ஆறு விநாடி.

கம்பெனி ரிப்போர்ட் பேப்பரிலேயே எழுதிவிட்டேன். 'ரிமார்க்ஸ்' கட்டத்தைக் காலியாக விட்டேன். லேபில் அதை மேனேஜர்தான் எழுதுவார், அந்தப் பழக்கம்.

நவம்பர் 26, செவ்வாய்

ரிப்போர்ட்டை அவர் முழுதாகப் படித்தார். கம்பெனியில் யாரும் படிப்பதில்லை. பாஸா ஃபெயிலா என்று அடியைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

"மூணு தடவை எதுக்குங்க?"

"ஒருதரம் வர்றது தற்செயலாக்கூட வந்திருக்கலாமுங்களே."

"அது சரிதாங்க," என்றார். சிரித்த மாதிரி இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. பிறகு அலமாரியைத் திறந்து, இதைவிட இரண்டு மடங்கு வேகம் என்று இன்னொரு கார்டை எடுத்து வைத்தார். "இதையும் பாத்துருங்க," என்றார்.

முப்பத்து நாலு ஆறானதே எனக்குப் போதும். முதல் கார்டையே விலை கொடுத்து வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். ஏன் வாங்கவில்லை?

டிசம்பர் 1, ஞாயிறு

இரண்டாவது கார்டும் ஆறு விநாடிதான். அரை விநாடிகூடக் குறையவில்லை. கேமரா எந்த வேகத்தில் கொடுக்கிறதோ அந்த வேகத்தில்தான் கார்டு வாங்கும், கார்டு எத்தனை பெரிய வேகக்காரனாக இருந்தாலும். எனக்குப் புரிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை போய்ப் புரியாத மாதிரி கேட்கப் போகிறேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

மூன்றாவது கார்டு. வேறு கம்பெனி.

அவர் லென்ஸைத் துடைக்கும்போது ரப்பர் பந்து போன்ற ஒன்றை அமுக்கிப் புஸ் புஸ் என்று காற்றடித்துத் தூசியை ஓட்டுகிறார். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்க்கிறார். அந்த நேரம் நானும் மூச்சு விடுவதில்லை. முப்பத்தெட்டு வயதுக்கு இது தேவையா?

டிசம்பர் 17, செவ்வாய்

"மீன்கொத்தி மேல நிக்கும்போதே அமுக்கிடறீங்க," என்றார். "அதுலயே ஆறு படமும் தீந்துருது. அது தலைய கீழ திருப்பற வரைக்கும் பொறுங்க. அப்பறம் அமுக்குங்க."

"அதுக்குள்ள போயிருச்சுன்னா?"

"போனாப் போகுது. அடுத்த தடவ நிக்குமுங்க."

எனக்கு அந்தப் பயம்தான். எதிலும் முந்திக்கொள்வேன். இருபத்தைந்து வயதில் தாராபுரத்தில் கட்டிக் கொடுத்தார்கள், பதினோரு மாதம். கை நீட்டுகிற ஆள். ஒருநாள் காலை பஸ் ஏறி வந்துவிட்டேன். வந்த அன்றே, யாரும் வாயைத் திறப்பதற்கு முன்பே, "இனி இந்த ஊட்ல கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது" என்று கத்தினேன். அம்மா அப்படியே நின்றாள். அன்றிலிருந்து இன்று வரை எடுக்கவில்லை.

டிசம்பர் 29, ஞாயிறு

வரித்தலை வாத்துகள் வந்துவிட்டன. குளமே சத்தமாக இருக்கிறது. கரையில் எல்லோரும் ஜோடியாகவோ கூட்டமாகவோதான் வருகிறார்கள். அவரை ஒருநாள் கூப்பிட்டால் என்ன என்று தோன்றியது. வர முடியாது. சனிக்கிழமை கம்பெனிகளில் சம்பளம் போடுவதால் ஞாயிறுதான் அவருக்கு முழு வியாபாரம். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு ஞாயிறுகூடக் கடையை அடைத்ததில்லையாம். பக்கத்துக் கடையில் வாட்ச் ரிப்பேர் செய்யும் மீரா சாகிப் சொன்னார்.

அவரே இன்னொன்றும் சொன்னார், நான் கேட்காமலே. இளங்கோவின் மனைவி இறந்து ஆறு வருஷமாகிறது. ஒரே பெண், யாழினி, பத்தாவது படிக்கிறாள். கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் டைம்டேபிள் அவளுடையது.

ஜனவரி 7, செவ்வாய்

நான்காவது கார்டு. ஆறு விநாடி.

ஜனவரி 21, செவ்வாய்

பொங்கலுக்குப் பிறகு இன்றுதான் கடை. இரண்டு வாரம் பார்க்கவில்லை.

"இத வெயில்ல சூடானப்பறம் டெஸ்ட் பண்ணுனா வேற மாதிரி வருமுங்களோ?" என்று கேட்டேன். எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் ரொம்ப யோசித்து, "பாத்துரலாமுங்க. எதுக்கும் பாத்துட்டா நல்லது" என்றார்.

வீட்டுக்கு வந்தால் அம்மா, "ஏங்கண்ணு, அந்தக் கடைக்காரரு இன்னுங் கார்டே குடுக்கலையா உனக்கு?" என்கிறாள். முகத்தைப் பார்க்காமல் சாம்பார் ஊற்றினாள்.

கேளம்மா. இன்னும் ஒரே ஒரு கேள்வி கேள். நானே சொல்லிவிடுவேன். கேட்க மாட்டாள். நான் அடைக்கச் சொன்ன கதவு, அவள் ஒழுங்காக அடைத்து வைத்திருக்கிறாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

வெயிலில் வைத்த கார்டு: ஆறு விநாடி.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். கம்பெனியில் பாதிப் பேர் இல்லை. கடை திறந்திருந்தது, அவரும் இருந்தார். கொஞ்ச நேரம் கூட்டமே இல்லை. அவர் ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை, ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியே பத்து நிமிஷம் இருந்தோம். இந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் ஒரு வாரம் முழுக்கத் துணி துவைத்திருக்கிறேன் என்று தோன்றியது.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஏழாவது கார்டு. பின்பக்கம் இரண்டு வரிசைத் தகடு வைத்தது. பெரிய பெரிய கேமராக்காரர்கள் வாங்குவது.

கொடுக்கும்போது, "இதுக்கு மேல கடையில இல்லீங்க," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

இந்தக் கார்டைச் சோதிக்க மாட்டேன். சோதித்தால் முடிந்துவிடும். செவ்வாய்க்கிழமை போகாததற்குச் சளி என்று சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 4, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை.

நேற்று சோதித்துவிட்டேன். ஆறு விநாடிதான். அது முன்பே தெரியும். ஆனாலும் இன்று ரிப்போர்ட்டோடு போனேன். இன்றைக்கு ஏதாவது சொல்லியே தீர்வது என்று ஸ்கூட்டரில் வரும்போதே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். போனால் அவர் இல்லை. கோயமுத்தூருக்குச் சரக்கு எடுக்கப் போயிருந்தாராம். மீரா சாகிப் இரண்டு கடையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நோன்பு வேறு.

"வாம்மா. கார்டுதானே? எது வேணும்?"

"இல்லீங்க, திருப்பிக் குடுக்க வந்தேன்... எது நல்லாருக்கும்னு அவருதான்..."

என் கேமராவைப் பார்த்தார். "இந்தக் கேமராவுக்கா? அட, இதுக்கா மூணு மாசமா நடக்கறே? இத வெச்சிருக்கறவங்க யாரு வந்தாலும் ரெண்டே நிமிஷத்துல சொல்லி அனுப்பிருவானேம்மா. கேமரா பழசு, நடுவாந்தரக் கார்டு போதும், அதுக்கு மேல காசப் போடாதீங்கன்னு. நானே கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆயிருச்சு. இந்தா, இதுதான்."

முதல் நாள் அவர் கொடுத்த அதே கார்டு. என்ன செய்வது, வாங்கிக்கொண்டேன். மறுத்தால் அந்தப் பெரியவர் என்ன நினைப்பார்? ஏழாவது கார்டையும் ரிப்போர்ட்டையும் மேஜை மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இனி எதைச் சொல்லிக்கொண்டு அந்தக் கடைக்குப் போவேன்?

மார்ச் 5, புதன்

முதல் நாளே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே என்னை நடக்க விட்டிருக்கிறார். விளையாட்டா? வேலை வெட்டி இல்லாத பொம்பளை வந்து போகட்டும் என்றா? மீரா சாகிப்போடு உட்கார்ந்து சிரித்திருப்பாரா? 'மூணு தடவை, அப்பறம் சராசரி' — நினைத்தாலே உடம்பு கூசுகிறது. ஏன்டி போனே, ஏன்டி போனே நீ.

மார்ச் 9, ஞாயிறு

கிடைத்துவிட்டது.

தலையைக் கீழே திருப்பும் வரை பொறுத்தேன். பிறகுதான் அமுக்கினேன். மூன்றாவது படத்தில் மீன்கொத்தி பாதி தண்ணீருக்குள், நான்காவதில் மீனோடு வெளியே, சுற்றிலும் தண்ணீர் தெறித்து நிற்கிறது. இதற்குப் பழைய கார்டே போதுமாயிருந்திருக்கும். ஆறு படத்துக்குள்ளேயே எல்லாம் முடிந்துவிட்டது.

ஒன்றரை வருஷம் இதற்காகக் காத்திருந்தேன். யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் கரையிலேயே உட்கார்ந்திருந்தேன். அம்மாவிடம் காட்டினேன். "நல்லாருக்குது கண்ணு" என்றாள். வாத்துகள் பாதி கிளம்பிவிட்டன.

மார்ச் 11, செவ்வாய்

போகவில்லை.

மார்ச் 13, வியாழன்

லேபில் ஒரு துணியை ஆறு தடவை துவைத்துவிட்டேன். மேனேஜர், "மூணு போதாதாம்மா?" என்றார். எடுத்தவுடனே ரிசல்ட் தெரிந்துவிட்ட துணியை யாரும் மறுபடி மறுபடி துவைப்பதில்லை. துவைத்தால் அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

நானும்தான் டிசம்பர் முதல் தேதியே தெரிந்துகொண்டு போய்க்கொண்டிருந்தேன். நான் அவரை வைத்து விளையாடினேனா?

அப்படியானால் அவர்?

மார்ச் 16, ஞாயிறு

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட வேண்டும், மறந்துவிடக் கூடாது.

காலையில் குளத்துக்குப் போகவில்லை. நேராகக் கடைக்குப் போனேன். ஞாயிறு, எத்தனை கூட்டமாக இருந்தாலும் சரி, அந்தப் படத்தைக் காட்டிவிட்டு, கேட்டுவிடுவது. ஒன்பதரை மணி. ஷட்டர் அடைத்திருந்தது. வாட்ச் கடையிலிருந்து மீரா சாகிப் எட்டிப் பார்த்தார்.

"நீ இங்கே நிக்கறியாம்மா? அவன் ஏழு மணிக்கே குளத்துக்குப் போறேன்னு போயிட்டானே! ஞாயித்துக்கெழம, கடையப் பூட்டிட்டு! நான் என்ன பாவம் பண்ணுனேன், ஒரு கார்ட வித்ததுக்குப் பத்து நாளா என்கூடப் பேச மாட்டேங்கறான்."

ஸ்கூட்டரை எப்படி ஓட்டினேன் என்று தெரியவில்லை. ஊத்துக்குளி ரோட்டில் வழக்கமான சந்தை நெரிசல். குளத்துக் கரையில் நல்ல வெயில் ஏறியிருந்தது. பறவை பார்க்க வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். அவர் மட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, கையில் கேமராகூட இல்லாமல், செருப்பெல்லாம் சேறாக நின்றுகொண்டிருந்தார்.

"இங்கதான் வருவீங்கன்னு நெனச்சனுங்க," என்றார்.

"நான் கடைக்குப் போயிட்டு வாரனுங்க."

கேமராவில் மீன்கொத்தியைக் காட்டினேன். கண்ணாடியை இறக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதங்களை எடுத்துக் கொடுத்தார். என் ரிப்போர்ட்டுகள், ஏழு கார்டுக்கு ஏழு, வெயிலில் வைத்ததற்கு ஒன்று, எட்டும். நான் காலியாக விட்ட ரிமார்க்ஸ் கட்டத்தில், ஒவ்வொன்றிலும், அவர் கையெழுத்து. 'ரீடெஸ்ட்.' 'ரீடெஸ்ட்.' 'ரீடெஸ்ட்.' கடைசி ரிப்போர்ட்டில் மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

அங்கேதான் வாயைத் திறந்தேன். "எனக்கு எந்தக் கார்டும் வேண்டாமுங்க. அப்பவே வேண்டாம். நான் வந்தது அதுக்கு இல்ல."

"அதுக்கு வரலைன்னு எனக்குத் தெரியாதுங்க," என்றார். "நான் குடுத்ததும் அதுக்கு இல்லீங்க. மொத நாளே சொல்லியிருந்தா, நீங்க வாங்கிட்டுப் போயிருப்பீங்க. அப்பறம் எதுக்கு வருவீங்க?"

அழுதுவிட்டேன். முப்பத்தெட்டு வயதில் குளத்துக் கரையில் நின்றுகொண்டு. அவர் பக்கத்தில் வரவும் இல்லை, போகவும் இல்லை. கைக்குட்டையை எடுத்தார், அது லென்ஸ் துடைக்கும் துணி. அதையே கொடுத்தார்.

பிறகு தாராபுரத்தைச் சொன்னேன். முழுதும் கேட்டார். அவர் மனைவியைப் பற்றிச் சொன்னார், நல்லபடியாகத்தான் சொன்னார். யாழினிக்கு இந்த மாதக் கடைசியில் பரீட்சை ஆரம்பிக்கிறது. "அது முடியட்டுமுங்க. அதுக்கு முன்னால அவ காதுல வேற வாயில இருந்து விழக் கூடாது. நான்தான் சொல்லோணும்."

சரி என்றேன். அதுவரை கடைக்கு வருவதில்லை என்றும் நானே சொன்னேன்.

மார்ச் 25, செவ்வாய்

பழைய பஸ் ஸ்டாண்டு வழியாக வராமல் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

இன்றோடு பரீட்சை முடிந்தது. போனைத் தலையணைப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஒன்றும் இல்லை. பன்னிரண்டு நாள். வாத்துகள் எல்லாம் போய்விட்டன. குளத்தில் தண்ணீர் இறங்கி ஓரத்தில் சேறு தெரிகிறது. சொல்லியிருப்பார், அந்தப் பெண் வேண்டாம் என்றிருப்பாள். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனாலும் ஒரு வார்த்தை, 'இல்லீங்க' என்றாவது சொல்லக் கூடாதா?

அம்மா இன்று, "நீ ஒண்ணுஞ் சொல்லாட்டி நான் எப்படிக் கேக்கறது கண்ணு?" என்றாள். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு. சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும், ஏழு கார்டையும். அவள் என் தட்டை எடுத்து வைத்தாள். பிறகு, "கேமராவ நல்லா வெச்சுக்க" என்றாள். வேறென்ன சொல்வாள்?

மே 18, ஞாயிறு

போன் வந்தது. தெரியாத நம்பர். சின்னக் குரல்.

"ஆன்ட்டி, நான் யாழினி. நானூத்தி அறுபத்தி ரெண்டு எடுத்திருக்கேன். அப்பா உங்ககிட்ட சொல்லச் சொல்லலீங்க, நானாத்தான் சொல்றேன்." பிறகு அவளே கேட்டாள். "அந்த டெஸ்ட் ரிப்போர்ட் எழுதறது நீங்கதான? வீட்டு ட்ராயர்ல இருந்தது, எப்பவோ பாத்துட்டேன். அப்பா போன வாரந்தான் சொல்லுச்சு, அதுவும் ஒரு மணி நேரமா. நான் ரெண்டு நாள் கோவமா இருந்தேன். இப்ப இல்லீங்க."

வாழ்த்துச் சொன்னேனா என்றே நினைவில்லை. நாளைக்குத் திரும்பக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

கடை ஷட்டரில் அவர் கையெழுத்தில் ஒரு அட்டை தொங்குகிறது: 'ஞாயிறு காலை 11 மணிக்கு மேல்'. மூன்று வாரமாக. அதுவரை அவரும் என்னோடு குளக்கரையில்.

இன்றைக்குக் குளத்துக்குக் கிளம்பும்போது, "அந்தப் பழைய கார்டு இருக்குதுங்களா? அதப் போட்டுட்டு வாங்க," என்று போனில் சொன்னார். எதற்கு என்று கேட்டதற்குச் சும்மாதான் என்றார்.

ஏழு மணிக்கு மீன்கொத்தி வந்து நின்றது. எத்தனை சொல்லிக் கொடுத்து என்ன, பக்கத்தில் அவர் நின்றால் பொறுமை வருவதில்லை. முன்னாலேயே அமுக்கிவிட்டேன். ஆறு படம். கேமரா நின்றது. சிவப்பு விளக்கு மின்ன ஆரம்பித்தது. வேறு வழியில்லாமல் கேமராவை இறக்கினேன்.

"எத்தன விநாடிங்க?" என்றார்.

"முப்பத்து நாலு."

"போதுமுங்க." என் பக்கம் திரும்பினார். "வர்ற வெள்ளிக்கெழம எங்கக்காவும் யாழினியும் நானும் உங்க ஊட்டுக்கு வரலாமுங்களா? அம்மாகிட்டப் பேசறதுக்கு."

மீன்கொத்தி விழுந்த சத்தம் கேட்டது. அவரும் திரும்பிப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. விளக்கு எப்போது அணைந்தது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வெள்ளிக்கிழமைக்கு லீவு லெட்டர் எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் எப்போதும் 'உடம்பு சரியில்லை' என்றுதான் எழுதுவேன். இந்தத் தடவை 'வீட்டில் விசேஷம்' என்று எழுதினேன்.